மிஸ்ஸிங் நிக்கவே மாட்டேங்குது, வாரண்டியும் வராதுங்கறாங்க: திருவொற்றியூர் தம்பிக்கு என் பதில்

தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ நிதானமா படிச்சேன். வண்டி வாங்கி 4 வருஷம் 2 மாசம், 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, மூணு சிலிண்டர் பெட்ரோல், கம்பெனியோட எக்ஸ்டெண்டட் வாரண்டி அஞ்சாவது வருஷம் முடியுற வரைக்கும் இருக்கு. ஏழு மாசத்துல நாலு தடவ மிஸ்ஸிங் அடிச்சு, அதாவது ஒரு சிலிண்டர் வெடிக்காம விட்டு வண்டி உதறி, சர்வீஸ் சென்டர் போயிருக்கீங்க, மொத தடவ பிளக் (சிலிண்டருக்குள்ள பொறி போடுறது) மாத்துனாங்க, ரெண்டாவது தடவ த்ராட்டில் பாடி (எஞ்சினுக்கு காத்து விடுற கதவு) கிளீனிங், மூணாவது தடவ இன்ஜெக்டர் (பெட்ரோல் பீச்சுறது) கிளீனிங்கும் ஒரு காயிலும் (பிளக்குக்கு கரண்டு குடுக்கறது), நாலாவது தடவ "பெட்ரோல் சரியில்ல சார், இது வாரண்டில வராது"ன்னு கைய விரிச்சுட்டாங்க. 14,000 ரூபா போயிருக்கு. இப்ப வண்டிய வித்துடலாமா, இல்ல வெளி மெக்கானிக்கிட்ட காட்டலாமான்னு கேக்குறீங்க. ஆனா நீங்க உண்மையில கேக்குற கேள்வி வேற தம்பி, இந்த கோளாற கண்டுபிடிக்க வேண்டியது யாரு, அதுக்கு காசு குடுக்க வேண்டியது யாரு, அதுதான். அதுக்கே பதில் சொல்றேன்.

நான் ஐடிஐல மோட்டார் மெக்கானிக் படிச்சுட்டு ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல 11 வருஷம் இருந்தேன், அதுல கடைசி மூணு வருஷம் வாரண்டி க்ளெய்ம் போடுற டேபிள்ல. அப்புறம் மூலக்கடைகிட்ட சொந்தமா ஷெட் போட்டு இப்பவும் ஓட்டிக்கிட்டிருக்கேன். அதனால கவுண்டருக்கு ரெண்டு பக்கமும் என்ன நடக்குதுன்னு தெரியும். ஆனா வண்டிய கண்ணால பாக்காம இந்த பார்ட்டுதான் போச்சுன்னு சொல்ல மாட்டேன், யாராவது அப்படி சொன்னா நம்பாதீங்க. சட்டம் பத்தி கடைசில சொல்றது அனுபவத்துல தெரிஞ்சது, நான் வக்கீல் இல்ல.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. செக் எஞ்சின் லைட் சும்மா எரிஞ்சா மெதுவா ஓட்டி ஒர்க்‌ஷாப் போகலாம். மின்னி மின்னி எரிஞ்சா, வண்டியும் உதறுனா, ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் லைன்ல இருக்கற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் அங்க எரியும், உள்ள தேன்கூடு மாதிரி இருக்கற செராமிக் சூட்டுல உருகி அடைச்சுக்கும். 2,000, 3,000 ரூபா காயில்ல முடிஞ்சிருக்க வேண்டியது பல பத்தாயிரத்துக்கு போய் நிக்கும், அதோட "லைட் எரிஞ்சும் ஓட்டியிருக்கீங்க, அதான் கன்வர்ட்டர் போச்சு"ன்னு வாரண்டிய மறுக்க நீங்களே காரணம் எடுத்துக்குடுத்த மாதிரி ஆயிடும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மிஸ்ஸிங்ங்கறது ஒரு பார்ட் கிடையாது, காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறி. வாரண்டி பேப்பர எடுத்து பாருங்க, அதுல பார்ட் பார்ட்டாதான் எழுதியிருக்கும், "மிஸ்ஸிங் வந்தா சரி பண்ணிக்குடுப்போம்"னு எங்கயும் இருக்காது. அந்த அறிகுறிக்கும் ஒரு பார்ட்டுக்கும் நடுவுல ஒரு பரிசோதனை நடந்து, அது பேப்பர்ல ஏறணும். உங்க நாலு விசிட்லயும் பார்ட் மாத்தியிருக்காங்க, கிளீன் பண்ணியிருக்காங்க, ஆனா நீங்க சொல்றத வச்சு பாத்தா எதனால மிஸ்ஸிங்னு ஒரு தடவ கூட யாரும் எழுதிக் குடுக்கல. பிரச்சனையோட வேர் அங்கதான் இருக்கு.

மூணு சிலிண்டர் எஞ்சின்ல கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுத்த வைக்கற தண்டு, ஒவ்வொரு 240 டிகிரி சுத்தறப்பவும் ஒரு சிலிண்டர் வெடிக்கணும். ஒண்ணு வெடிக்காம விட்டா கிராங்க் அந்த இடத்துல ஒரு நொடியோட சின்ன பங்குக்கு வேகம் கொறையும், கிராங்க் சென்சார் அத பிடிச்சு கம்ப்யூட்டருக்கு சொல்லும், எந்த சிலிண்டர்னு கம்ப்யூட்டர் கணக்கு பண்ணி கோட் போடும். பி0300ன்னா குறிப்பிட்டு ஒரு சிலிண்டர்னு இல்லாம மாறி மாறி மிஸ் ஆகுது. பி0301, பி0302, பி0303ன்னா மொதோ, ரெண்டாவது, மூணாவது சிலிண்டர். உங்களுக்கு ரெண்டு தடவ பி0302 வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, நீங்க எழுதுன அத்தனையிலயும் அதுதான் பெரிய துப்பு. பெட்ரோல் கெட்டுப்போச்சுங்கற வாதத்துக்கு அந்த கோடே எதிர்க்கேள்வி கேக்குது. மூணு சிலிண்டருக்கும் ஒரே டேங்க், ஒரே பம்பு, இன்ஜெக்டருக்கு பெட்ரோல் குடுக்கற ஒரே குழாய் (ஃபியூல் ரெயில்). பெட்ரோல்ல தண்ணியோ கலப்படமோ இருந்தா பொதுவா எல்லா சிலிண்டரும் சேந்து திணறும், பி0300 வரும், தண்ணி டேங்க்கு அடியில போய் தங்குறதால காலைல மொத ஸ்டார்ட்ல அதிகமா தெரியும். திரும்பத் திரும்ப ரெண்டாவது சிலிண்டர் மட்டும் படுக்குதுன்னா பெட்ரோல் மேல பழி போடுறதுக்கு முன்னாடி அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான சாமான்கள பாக்கணும். அதுக்காக பெட்ரோல் காரணமே இல்லன்னு அடிச்சு சொல்ல மாட்டேன், தூசி ஒரே ஒரு இன்ஜெக்டர்ல போய் அடைக்கறதும் நடக்கும். ஆனா அவங்க சொல்றது உண்மைன்னா டேங்க்லருந்து சாம்பிள் எடுத்து, உங்க முன்னாடி சீல் வச்சு, லேப் ரிப்போர்ட்டோட காட்டட்டும். மூக்குல மோந்து பாத்துட்டு சொல்றதெல்லாம் ரிப்போர்ட் ஆகாது.

ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பத்தியும் ஒரு வார்த்தை, இப்ப எல்லாரும் எல்லாத்துக்கும் அது மேலதான் பழி போடறாங்க. எத்தனால் காத்துலருந்து ஈரத்த இழுக்கும், நம்ம மாதிரி கடலோரத்துல வண்டிய மாசக்கணக்குல நிறுத்தி வச்சா அது தொல்லைதான். தினமும் ஓட்டி வாரம் ஒரு தடவ பெட்ரோல் போடுற வண்டிக்கு அந்த பயம் கம்மி. ஆனா உங்க வண்டி 2023 ஏப்ரலுக்கு முந்தினதுன்னா ஈ20க்கு ஏத்ததான்னு மேனுவல்லயோ பெட்ரோல் மூடிக்கிட்ட ஸ்டிக்கர்லயோ பாத்துக்கோங்க. பங்க்ல சந்தேகமா இருந்தா ஃபில்டர் பேப்பர் டெஸ்ட் (பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு கறை நிக்குதான்னு பாக்கறது) கேளுங்க, டென்சிட்டி பாத்து காட்டச் சொல்லுங்க, அது உங்க உரிமை, காசு கிடையாது. பில்ல ஒண்ணு விடாம எடுத்து வைங்க, எப்பவும் ஒரே பங்க்தான்னு காட்ட ஆதாரம் ஆகும்.

ஒரு சிலிண்டர் மட்டும் படுத்தா எப்படி பாக்கணும்னு சொல்றேன், இது சர்வீஸ் சென்டர்ல பண்ண வேண்டிய டெஸ்ட், ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ரெண்டாவது சிலிண்டர் காயில கழட்டி மொதோ சிலிண்டர்ல போடு, மொதோ சிலிண்டர் காயில ரெண்டாவதுல போடு, கோட அழிச்சுட்டு ஓட்டு. கோட் பி0301னு மாறி வந்துச்சுன்னா காயில்தான் குற்றவாளி, கூடவே போயிருக்கு. பி0302லயே நின்னா காயில் நல்லாருக்கு, அடுத்து பிளக்க மாத்திப் போடு, அப்புறம் இன்ஜெக்டர். எதுவும் கூட வரலன்னா வயரிங்கோ கனெக்டரோ பாக்கணும், அதுவும் சரின்னா கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம், பாக்கணும், அப்ப வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட்னு எஞ்சினுக்குள்ள இருக்கற வேலை. உங்க கேஸ்ல மூணாவது தடவ காயில் மாத்துனதும் திரும்ப வந்துச்சுன்னா, ஒண்ணு அந்த காயில் காரணமே இல்ல, இல்லன்னா காயில கெடுக்கற காரணம் இன்னும் உள்ளயே இருக்கு.

இந்த ரெண்டாவது ரகம் நம்ம ஏரியால அடிக்கடி பாக்கறேன். போன வருஷம் காசிமேட்டுலருந்து ஒருத்தர் வண்டி வந்துச்சு, ஒன்றரை வருஷத்துல மூணு காயில் மாத்தியாச்சு. காயில மேல தூக்குனா அடில ரப்பர் பூட்ல எண்ணெய் பளபளன்னு, ரப்பர் ஊதிப்போய் மெத்து மெத்துன்னு இருக்கு. பிளக் உக்காந்திருக்கற குழிக்குள்ள டார்ச் அடிச்சு பாத்தா விரக்கடை அளவுக்கு எஞ்சின் ஆயில் நிக்குது. வால்வு கவர் கேஸ்கெட், அதாவது எஞ்சின் மேல்மூடிக்கு அடில இருக்கற அடைப்பு, கசிஞ்சு குழிக்குள்ள எறங்கியிருக்கு, அந்த எண்ணெய் ரப்பர கெடுக்குது, கரண்டு பிளக் முனைக்கு போகாம ரப்பர் வழியா பக்கவாட்டுல ஹெட்டுக்கு பாயுது, பூட்டுக்குள்ள பென்சில்ல கோடு கிழிச்ச மாதிரி கருப்புத் தடம் தெரிஞ்சுது. மூணு காயில் வித்தவங்க யாரும் அந்த குழிக்குள்ள டார்ச் அடிக்கல. கேஸ்கெட் மாத்தி, குழிய தொடச்சு, புது பிளக் புது காயில் போட்டு விட்டேன், இன்னைக்கு வரைக்கும் அந்த வண்டி திரும்ப வரல. உங்க வண்டிலயும் மொதல்ல இத பாக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்தது உப்புக்காத்து. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெளியில நிக்கற வண்டில காயில் கனெக்டர கழட்டுனா பின்னுல பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும், செம்புப் பாத்திரத்துல பிடிக்குமே அதே மாதிரி. மழைநாள்ல மட்டும் மிஸ்ஸிங், வெயில் வந்தா சரியாயிடுதுன்னா மொத சந்தேகம் எனக்கு அங்கதான். எலியையும் மறக்கக் கூடாது, இன்ஜெக்டர் வயர பாதி கடிச்சு விட்டிருக்கும், குலுங்குறப்ப மட்டும் தொடர்பு விடும், ஸ்கேனர்ல சில சமயம் ஒண்ணும் தெரியாது. எலி கடிச்சா அது வாரண்டி இல்ல, உங்க பாலிசில வந்தா இன்சூரன்ஸ் கிளெய்ம், ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. இன்னொண்ணு, கண்டெய்னர் லாரி நடுவுல மணிக்கணக்கா ஐடில்ல நிக்கற வண்டி தம்பி இது, மீட்டர்ல 46,000னா எஞ்சின் ஓடுன நேரம் அதவிட எவ்வளவோ அதிகம். சாதா நிக்கல் பிளக் போட்ட வண்டினா புக்குல சொன்ன கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்காதீங்க, கொஞ்சம் முன்னாடியே மாத்துறது நல்லது.

தண்ணி விஷயத்துல மட்டும் உண்மைய மறைக்காதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயோ, அதுக்கப்புறம் கணேசபுரம் சப்வே மாதிரி எங்கயாவது தேங்குன தண்ணில எறங்கியோ எஞ்சின் நின்னு, மறுபடி செல்ஃப் அடிச்சிருந்தீங்கன்னா சொல்லிடுங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி போனா அத அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு லேசா வளையும், வண்டி ஓடும், ஆனா அந்த சிலிண்டர்ல கம்ப்ரஷன் கொறைஞ்சே இருக்கும், மிஸ்ஸிங் எந்த காயில் போட்டாலும் போகாது. அது வாரண்டில கண்டிப்பா வராது, எஞ்சின் பிரிச்சா தெரிஞ்சும் போயிடும். அப்படி எதுவும் நடக்கலன்னா தைரியமா பேசலாம்.

இப்ப வாரண்டி. பொதுவா பிளக், ஃபில்டர், பெல்ட், ஆயில் இதெல்லாம் தேய்மானச் சாமான், வராது. காயில், இன்ஜெக்டர், சென்சார், கம்ப்யூட்டர், வால்வு, பிஸ்டன் இதெல்லாம் பெரும்பாலான கம்பெனி எக்ஸ்டெண்டட் வாரண்டில வரும். கேஸ்கெட், ஆயில் சீல், வயரிங் இதுல திட்டத்துக்கு திட்டம் மாறும், அதனால உங்க புக்லெட்டோட விலக்கு பக்கத்த வரி வரியா படிங்க. வெளிய சிஎன்ஜி கிட் போட்டது, வயர வெட்டி லைட்டு, மியூசிக் சிஸ்டம் போட்டது, சர்வீஸ் தேதி தவறுனது, மூணையும் அவங்க மொதல்ல தேடுவாங்க. இங்கதான் எனக்கு உங்க கணக்குல ஒரு இடம் உறுத்துது. மூணாவது தடவ காயிலுக்கு உங்ககிட்ட காசு வாங்குனது ஏன்? வாரண்டி அப்ப உயிரோட இருந்துச்சு. அந்த பில்ல எடுங்க, காயில்னு தனி வரி இருக்கான்னு பாருங்க, உங்க புக்லெட்ல காயில் வரும்னு இருந்தா அந்தக் காச திருப்பிக் கேக்கலாம். அப்படி இல்லாட்டியும், அவங்க காசு வாங்கி போட்ட பார்ட்டுக்குன்னு தனியா ஒரு வாரண்டி இருக்கும், பில்லோட பின்பக்கம் எத்தன மாசம்னு போட்டிருப்பாங்க.

டீலர் ஏன் வழுக்குறாங்கன்னும் தெரிஞ்சுக்கோங்க. வாரண்டில மாத்துன பார்ட்டுக்கு காச டீலருக்கு கம்பெனிதான் குடுக்கணும், பழைய பார்ட்ட டேக் கட்டி வச்சு கம்பெனி கேட்டா அனுப்பணும், அங்க டெஸ்ட் பண்ணி "பார்ட் நல்லாத்தான் இருக்கு"ன்னு வந்துச்சுன்னா டீலருக்கு காசு வராது. அதனால உறுதியா தெரியாத கேஸ்ல க்ளெய்ம் போட பயப்படுவாங்க, கிளீனிங் பண்ணி அனுப்புறது அவங்களுக்கு பாதுகாப்பு. அந்த டேபிள்ல இருந்தப்ப நானே ஒரு தப்பு பண்ணியிருக்கேன். ஒரு பெரியவர் "காலைல வண்டி உதறுது"ன்னு ரெண்டு தடவ வந்தார், ரெண்டு தடவையும் ஜாப் கார்டுல, அதாவது வண்டி உள்ள வர்றப்ப புகார எழுதற சீட்டுல, "ஜெனரல் செக்கப்"னு எழுதி வேலைய முடிச்சேன். மூணாவது தடவ அவர் வந்தப்ப வாரண்டி முடிஞ்சு 12 நாள் ஆயிருந்துச்சு, வால்வு கோளாறுன்னு தெரிஞ்சுது, முன்னாடியே கம்ப்ளெய்ன்ட் குடுத்ததுக்கு பேப்பர்ல ஆதாரம் இல்லன்னு கம்பெனி மறுத்துடுச்சு. முழுசும் அவர் கைக்காசு. அவர் அந்த ரெண்டு ஜாப் கார்டையும் டேபிள் மேல வச்சு விரல்ல காட்டி காட்டி கேட்டது இன்னைக்கும் எனக்கு மறக்கல. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

அதனால அடுத்த தடவ போறப்ப ஜாப் கார்டுல உங்க வார்த்தைய அப்படியே எழுத வைங்க, "காலைல ஸ்டார்ட் பண்ணா ரெண்டு நிமிஷம் உதறுது, செக் எஞ்சின் லைட் மின்னுது, இதே புகார் அஞ்சாவது தடவ"ன்னு, பழைய நாலு ஜாப் கார்டு நம்பரோட. படிச்சுப் பாக்காம கையெழுத்து போடாதீங்க. கோட அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்கேன் ரிப்போர்ட்ட பிரிண்டோ பிடிஎஃப்போ கேளுங்க, கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம் டேட்டாவும் வேணும், அதாவது கோட் விழுந்த அந்த நொடில எஞ்சின் ஆர்பிஎம் எவ்வளவு, சூடு எவ்வளவு, லோடு எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் எடுத்து வச்சிருக்கும் படம். டாப் கியர்ல மேம்பாலம் ஏறுறப்ப லோடுல விழுந்திருந்தா காயில், பிளக் பக்கம் சந்தேகம் அதிகம், ஐடில்ல மட்டும் விழுந்து ரேஸ் பண்ணா சரியாகுதுன்னா காத்து லீக்கோ கம்ப்ரஷனோ. இது முடிவு இல்ல, தேடுற திசை. உதறுற நேரத்துல மொபைல்ல வீடியோ எடுங்க, டேஷ்போர்டுல மின்னுற லைட்டும் கிலோமீட்டரும் தெரியுற மாதிரி. காலைல மட்டும் வருதுன்னா ராத்திரியே வண்டிய அங்க விட்டுட்டு, காலைல எஞ்சின் ஆறிக் கிடக்கறப்ப டெக்னீஷியன வச்சு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, சூடா ஓட்டிட்டுப் போய் காட்டுனா "ஒண்ணுமில்ல சார், நல்லாருக்கு"ன்னுதான் வரும். அதோட உங்க மாடலுக்கு மிஸ்ஸிங் சம்பந்தமா சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்கான்னு கேளுங்க, சில சமயம் அதுலயே முடிஞ்சுடும்.

மறுபடியும் "பெட்ரோல்தான்"னு சொன்னா வாய்ப்பேச்சு வேண்டாம். எந்த விதிப்படி மறுக்கறீங்க, எந்த டெஸ்ட் பண்ணீங்க, ரெண்டாவது சிலிண்டர் மட்டும் ஏன் படுக்குது, மூணையும் மெயில்ல கேளுங்க, டீலருக்கும் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் சேத்து ஒரே மெயில். கம்பெனியோட ஏரியா சர்வீஸ் இன்ஜினியர் வந்து பாக்கணும்னு எழுதுங்க, அவர் கையெழுத்து போட்டா நிறைய க்ளெய்ம் நகரும், நானே பாத்திருக்கேன். வெளி மெக்கானிக்கிட்ட கம்ப்ரஷன், காயில் மாத்திப் போடுற டெஸ்ட் பண்ணி எழுதி வாங்கலாமான்னா, பாத்து எழுதிக் குடுக்க மட்டும் விடுங்க, புது பார்ட் எதையும் போடவோ வயர தொடவோ விடாதீங்க, வாரண்டி இருக்கற பத்து மாசமும் அத காப்பாத்தணும். 1,000 ரூபாக்குள்ள கிடைக்கற ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு வாங்கி வச்சா கோட நீங்களே படிச்சுக்கலாம், அழிக்கற பட்டன மட்டும் தொடாதீங்க.

15 நாள்ல பதில் இல்லன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார பதிவு பண்ணுங்க, நிறைய கேஸ் அந்த கட்டத்துலயே பேசி முடியும். அதுக்கும் மசியலன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையம் இருக்கு, வடசென்னைக்குன்னு தனியாவே உண்டு, நீங்க குடியிருக்கற இடத்துலயே போடலாம், ஆன்லைன்ல இ-ஜாக்ரிதில தாக்கல் பண்ணலாம், வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. பிரச்சனை வந்த நாள்லருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அவசியம்னா வண்டிய பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு. மூணு மாசத்துல, பரிசோதனை வேணும்னா அஞ்சு மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறைல அதவிட இழுக்கும்னு மனசுல வச்சுக்கோங்க, அதனால அத கடைசிக் கதவா வைங்க.

விக்கறத பத்தி, இப்ப வேண்டாம். லைட் எரியுற வண்டிக்கு பாதி விலை கேப்பாங்க, காரணமே தெரியாம வித்தா வாங்குறவங்க தலைல கட்டுன மாதிரியும் ஆயிடும். மொதல்ல சர்வீஸ் சென்டர்ல அந்த ரெண்டாவது சிலிண்டர் காயில தூக்கி குழிக்குள்ள டார்ச் அடிச்சு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, கனெக்டர் பின்னு ஒரு போட்டோ, ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கம் ஒரு போட்டோ. மூணையும் இங்க போடுங்க தம்பி, பாத்துட்டு அடுத்து எங்க தேடணும்னு சொல்றேன்.